மெல்போர்னுக்குப் போகாத குதிரைகள்

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் என்றதும் நம்மூர்ப் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது ஹாக்கி. பாகிஸ்தானை 1-0 என்று வென்று வாங்கிய தங்கம். விளையாட்டுப் பைத்தியம் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்கள், கால்பந்தில் இந்தியா நாலாவது இடம் வந்ததையும் நெவில் டிசோசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் போட்ட ஹாட்ரிக்கையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அந்த ஒலிம்பிக்கின் பதக்கப் பட்டியலை முழுசாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் இடறும். மற்றப் போட்டிகளுக்கெல்லாம் தேதி நவம்பர், டிசம்பர். குதிரையேற்றத்துக்கு மட்டும் ஜூன் 10 முதல் 17 வரை. ஊரும் மெல்போர்ன் இல்லை, ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம். ஒரே ஒலிம்பிக், ஆறு மாத இடைவெளியில், 15,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இரண்டு ஊர்களில் நடந்திருக்கிறது.

போர் காரணமில்லை, பணமும் காரணமில்லை. வெளிநாட்டுக் குதிரைகளை உள்ளே விட முடியாது என்று ஆஸ்திரேலிய அரசு சொல்லிவிட்டது, அவ்வளவுதான். வேண்டுமானால் ஆறு மாதம் குவாரண்டைனில் நிற்கட்டும் என்பது அப்போதைய விதி. போட்டிக்குத் தயாராகிற குதிரையை ஆறு மாதம் கட்டிப்போட்டால் அப்புறம் அது போட்டிக்கு ஆகாது. உலகமே கூடுகிற விழாவுக்காகக்கூட அந்த விதியைத் தளர்த்த மாட்டோம் என்று ஒரு நாடு நின்றது. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது, அது சரிதானா, பிறகு அதே நாட்டில் என்ன ஆனது என்று தேடிப் போனபோது கிடைத்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இடையில் சென்னைத் துறைமுகமும் ஓசூரும் வரும்.

குவாரண்டைன் என்ற சொல் நமக்குக் கொரோனாவோடு வந்தது அல்ல. தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கை போன நம் ஜனங்கள் மண்டபம் கேம்ப்பில் அடைபட்டுக் கிடந்து, ஊசி போட்டு, மருந்து தெளித்து, அதற்கப்புறம்தான் அக்கரைக்குப் போனார்கள். மனிதர்களுக்கு இருந்த அதே ஏற்பாடு கால்நடைக்கும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா 1898-லேயே கால்நடை இறக்குமதிச் சட்டம் போட்டுவிட்டது. உண்ணிக் காய்ச்சல், அடைப்பான், கிளாண்டர்ஸ், சொறி என்று நோய்களைப் பெயர் சொல்லியே அதில் எழுதியிருக்கிறார்கள். திருத்தங்களோடு அந்தச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் கதை பத்து வருஷம் கழித்துத் தொடங்குகிறது. தொடக்கத்தில் இருப்பது குதிரைகூட இல்லை, ஒட்டகம். அதுவும் நம் இந்திய ஒட்டகம். பாலைவனத்தில் சுமை இழுக்க அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து ஒட்டகங்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள். 1907-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்டில் இறங்கிய ஒட்டகங்களில் சர்ரா நோய் இருப்பது தெரிந்தது. சர்ரா என்பது ரத்தத்தில் வாழும் ஓர் ஒட்டுண்ணியால் வருவது. மாட்டு ஈ மாதிரி கடிக்கிற ஈக்கள் அதை ஒரு விலங்கிடமிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். ஒட்டகம் அதைச் சுமந்துகொண்டு நாளைத் தள்ளும், குதிரைக்கு வந்தால் பிழைப்பது அபூர்வம். அந்த ஒட்டியை 1880-ல் பஞ்சாபில் கண்டுபிடித்தவர் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர். ரத்தத்தில் இப்படி ஒரு ஜந்து இருந்து நோயை உண்டாக்கும் என்று அவர் சொன்னதை அப்போது மேலதிகாரிகள் சட்டை செய்யவில்லை. போர்ட் ஹெட்லண்டில் அந்த ஒட்டகங்களைக் கொன்று நோயை அங்கேயே முடித்தார்கள். இன்றுவரை ஆஸ்திரேலியாவில் சர்ரா இல்லை.

அடுத்த வருஷம், 1908-ல், குவாரண்டைன் சட்டம் வந்தது. ஒட்டகத்தால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர், விலங்கு, செடி கொடி எல்லாவற்றுக்கும் சேர்த்து, புதிதாக உருவான கூட்டரசு போட்ட சட்டம் அது. ஆனால் அந்தச் சூழலில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். சுற்றிலும் தண்ணீர். உள்ளே நோய் இல்லை. யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. ஆஸ்திரேலியா குதிரையை வாங்கின நாடு என்பதைவிட, குதிரையை விற்ற நாடு. நியூ சவுத் வேல்ஸ் குதிரை என்பதால் இந்தியாவில் அதற்கு 'வேலர்' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பல் கப்பலாக வேலர் குதிரைகள் வந்திறங்கின. சென்னையில் இறங்கியவற்றில் படைக்கு எடுத்தவை ஓசூர் பக்கத்தில் மத்திகிரியில் இருந்த ராணுவக் குதிரைப் பண்ணைக்குப் போகும். கடல் பயணத்தில் இளைத்துப்போன குதிரைகளை அந்தக் குளிர்ந்த ஊரில் தேற்றி, பழக்கி, அப்புறம் ரெஜிமென்ட்டுகளுக்கு அனுப்புவார்கள். இப்போது அங்கே அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. ஓசூர்க்காரர்கள் பலர் அந்தப் பக்கம் தினமும் போய் வருகிறார்கள். அந்த இடத்துக்கும் சிட்னிக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டென்று எத்தனை பேருக்குத் தெரியுமோ.

வந்த குதிரை ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை. இது ஒரு வழிப் பாதை. சர்ரா இருக்கும் நாட்டில், கிளாண்டர்ஸ் இருக்கும் நாட்டில் கால் வைத்த குதிரை, ஆஸ்திரேலியாவின் கண்ணுக்கு ஆஸ்திரேலியக் குதிரையாகவே இல்லை.

இந்த ஒரு வழிப் பாதை எவ்வளவு கடுமையானது என்பது முதல் உலகப் போரின்போதுதான் அந்நாட்டு மக்களுக்கே உறைத்தது. அந்தப் போரில் சுமார் 1,36,000 குதிரைகளை ஆஸ்திரேலியா கடல் கடந்து அனுப்பியது. அவற்றில் பல பிரிட்டிஷ், இந்தியப் படைகளுக்கும் போனவை. சினாய், பாலஸ்தீனப் பாலைவனத்தில் லைட் ஹார்ஸ் படையினர் தண்ணீர் இல்லாமல் நாள் கணக்கில் ஏறிச் சென்ற குதிரைகள் இவைதான். போர் முடிந்தது. ஆட்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். குதிரைக்கு அனுமதி இல்லை. நோய் பற்றிய அச்சம் ஒன்று, கப்பல் செலவு இன்னொன்று. மிஞ்சியிருந்த 13,000 குதிரைகளில் 11,000 விற்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை மறுபடியும் இந்தியாவுக்கு, இங்கிருந்த பிரிட்டிஷ் படைக்கு வந்தன. வயதானவை, நோஞ்சான்கள் என்று 2,000 கழிக்கப்பட்டன. கழிக்கப்பட்டன என்றால் சுடப்பட்டன என்று அர்த்தம். தன் குதிரையை அந்நியரிடம் விற்க மனசில்லாமல் படைவீரர்கள் தாங்களே சுட்டுக்கொன்றார்கள் என்று ஒரு கதை அங்கே ரொம்பப் பிரபலம். எண்ணிக்கையைப் பார்த்தால் பெரும்பாலான குதிரைகளுக்கு நடந்தது அது இல்லை. விற்பனைதான்.

திரும்பி வந்தது ஒரே ஒரு குதிரை. பெயர் சாண்டி. மேஜர் ஜெனரல் வில்லியம் பிரிட்ஜஸ் ஏறிய குதிரை. பிரிட்ஜஸ் 1915 மே மாதம் கலிபோலியில் குண்டடிபட்டு இறந்தார். சாண்டி எகிப்தில் இருந்தது, 1916-ல் பிரான்சுக்குப் போனது. 1917-ல் பாதுகாப்பு அமைச்சர் பியர்ஸ் அதை ஊருக்குக் கொண்டுவரச் சொன்னார். அமைச்சரே சொல்லியும் உடனே நடக்கவில்லை. இங்கிலாந்தில் ஸ்வேத்லிங் என்ற இடத்து ராணுவக் குதிரை டிப்போவில் மூன்று மாதம் வைத்துப் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே 1918 செப்டம்பரில் கப்பல் ஏற்றினார்கள். நவம்பரில் மெல்போர்ன் வந்து சேர்ந்தது. மரிபிர்னாங் என்ற இடத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது, கண் பார்வை போய் 1923-ல் கருணைக்கொலை செய்யப்பட்டது. வெளிநாட்டில் இறந்த ஆஸ்திரேலியப் படையினரில் அந்தப் போரின்போது உடல் தாய்நாட்டுக்கு வந்தது பிரிட்ஜஸ் ஒருவருக்குத்தான். ஆளிலும் ஒருவர், குதிரையிலும் ஒன்று. ஜெனரலின் குதிரை என்பதால் கிடைத்த சலுகை என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சலுகையிலும் மூன்று மாதப் பரிசோதனையைக் குறைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தப் பின்னணியோடு 1949-க்கு வந்தால் விஷயம் புரியும். அந்த வருஷம் மெல்போர்ன், பியூனஸ் அயர்ஸை 21-20 என்று ஒரே ஒரு ஓட்டில் வென்று ஒலிம்பிக்கைப் பெற்றது. ஒலிம்பிக் விதிப்படி எல்லாப் போட்டியும் ஒரே நகரத்தில் நடக்க வேண்டும். குதிரைக்குத் தனி ஏற்பாடு செய்ய முடியாது என்பது 1953-ல்தான் ஒலிம்பிக் கமிட்டியின் முன் தெளிவாக வைக்கப்பட்டது. கமிட்டித் தலைவர் ஏவரி பிரண்டேஜுக்கு மெல்போர்ன்மேல் ஏற்கனவே கடுப்பு. மைதானம் கட்டுவதில் இழுபறி, இப்போது இது வேறு. 1954-ல் ஏதென்ஸில் கூடி, குதிரைப் போட்டிகளை மட்டும் ஸ்டாக்ஹோமுக்குக் கொடுத்தார்கள்.

ஸ்டாக்ஹோமில் 29 நாடுகள், 158 வீரர்கள். தனியாகத் தொடக்க விழா, தனியாக ஒலிம்பிக் தீபம். தீபத்தைக் குதிரைமேலேயே ஏந்தி மைதானத்துக்குள் வந்தார்கள். தாவல் போட்டியில் ஜெர்மனியின் ஹன்ஸ் குந்தர் விங்க்லருக்கு முதல் சுற்றிலேயே தொடை இடுக்கில் தசை கிழிந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் வலியோடு சும்மா உட்கார்ந்திருந்தவரைச் சுமந்துகொண்டு ஹல்லா என்ற பெட்டைக்குதிரை ஒரு தடையைக்கூடத் தட்டாமல் முடித்தது. தங்கம் யாருக்கு என்று கேட்டால் நான் ஹல்லாவுக்கு என்றுதான் சொல்வேன். இன்னொரு கணக்கும் உண்டு. எகிப்து, நெதர்லாந்து, ஸ்பெயின், ஸ்விட்சர்லாந்து, கம்போடியா ஆகிய நாடுகள் ஸ்டாக்ஹோமுக்கு வந்துவிட்டு மெல்போர்னுக்குப் போகவில்லை. சூயஸ், ஹங்கேரி என்று இடையில் உலகம் கலவரப்பட்டுப் போனது. அதனால் ஒலிம்பிக் வரலாற்றில் அவர்களுடைய 1956 பங்கேற்பு குதிரைகளை மட்டும் வைத்தே பதிவாகியிருக்கிறது.

சரி, ஆஸ்திரேலியாவின் பிடிவாதம் நியாயமா? அன்றைக்குப் பத்திரிகைகளும் விளையாட்டு அமைப்புகளும் கேட்ட கேள்வி இது. பதில் மூன்றே வருஷத்தில் வேறோர் இடத்திலிருந்து வந்தது. 1959-ல் ஈரானில் ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோய் தென்பட்டது. 1960-ல் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா என்று பரவியது. இரண்டு மூன்று வருஷத்தில் மேற்கு ஆசியாவிலும் தெற்காசியாவிலும் செத்த குதிரை, கழுதை, கோவேறு கழுதைகள் 3 லட்சத்துக்கும் மேல். இந்த நோய் குதிரைக்குக் குதிரை தொட்டால் ஒட்டாது. கொசுவைவிடப் பொடிசான ஒரு கடிபூச்சிதான் பரப்பும். வந்தால், முன்பு அந்த நோயையே பார்க்காத குதிரைக் கூட்டத்தில் பத்தில் ஏழு எட்டுக்குக் குறையாமல் சாகும். மூச்சுக் குழாயில் நுரை கட்டி, மூக்கு வழியாக நுரை தள்ளிச் சாவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள் என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் 1854-55-ல் மட்டும் ஏறக்குறைய 70,000 குதிரைகள், அதாவது அங்கிருந்தவற்றில் நாற்பது சதவீதம், இப்படிப் போயின. ஆகவே 'குதிரைதானே, விட்டால் என்ன' என்று கேட்க முடியாது.

எத்தனை நாள் நிறுத்தி வைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கிருமி உடம்பில் புகுந்து அறிகுறி காட்ட எத்தனை நாள், ரத்தத்தில் எத்தனை நாள் தங்கும் என்பதை வைத்து நோய்க்கு நோய் மாறும். குதிரை ஃப்ளூ என்றால் ஒன்று முதல் மூன்று நாளில் இருமல் வந்துவிடும், அதற்குப் பதினான்கு நாள் தாராளம். ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோய்க்கு உலக விலங்கு நல அமைப்பின் விதிநூல் 40 நாள் என்று வைத்திருக்கிறது. வெனிஸ்காரர்கள் பிளேக் கப்பல்களுக்கு வைத்த அதே நாற்பது, எந்த ஆய்வும் இல்லாத காலத்தில் வைத்த எண். கிளாண்டர்ஸுக்கு நாள் கணக்கு போதாது. வருஷக் கணக்கில் உள்ளே பதுங்கியிருக்கும், மனிதனுக்கும் தொற்றும், சோதனை செய்துதான் ஆக வேண்டும். எந்த நோய்க்கு என்ன சோதனை என்று நிச்சயமாகத் தெரியாத காலத்தில் 'ஆறு மாதம் நிற்கட்டும், ஏதாவது இருந்தால் வெளியே வரும்' என்பதுதான் பாதுகாப்பு. 1956-ல் அப்படித்தான் இருந்தது. குதிரை ஃப்ளூ வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே பிராக் நகரில், அதே 1956-ல்.

சோதனைகள் தேறத் தேற நாட்கள் குறைந்தன. விமானமும் வந்தது. ஆறு மாதம் வாரக்கணக்கானது. அதோடு ஒரு புதுத் தொழிலும் வளர்ந்தது. பந்தயக் குதிரைகளில் செயற்கைக் கருவூட்டல் கூடாது என்பது உலகம் முழுக்க விதி. குட்டியைப் பதிவு செய்ய வேண்டுமானால் ஆணும் பெண்ணும் நேரில் சேர்ந்திருக்க வேண்டும். வட பாதியில் இனச்சேர்க்கைக் காலம் பிப்ரவரி முதல் ஜூன் வரை, தென் பாதியில் செப்டம்பரில் ஆரம்பம். அப்படியென்றால் விலை உயர்ந்த ஒரு பொலிகுதிரையை ஜூலை, ஆகஸ்ட்டில் விமானத்தில் ஏற்றி ஆஸ்திரேலியா கொண்டுபோனால் ஒரே வருஷத்தில் இரண்டு சீசன் சம்பாதிக்கலாம். ஜப்பான், அயர்லாந்து, அமெரிக்கா என்று பல நாட்டிலிருந்தும் வருஷா வருஷம் வந்தன. ஒரு குதிரைகூடத் திரும்பக் கூடாது என்று கதவைச் சாத்திய அதே நாடு இப்போது காத்திருந்து வரவேற்றது. பணம் அப்படி. குவாரண்டைன் நிலையம் சீசனுக்கு முந்தைய மாதத்தில் நிரம்பி வழியும்.

2007 ஆகஸ்ட் 8 அன்று ஜப்பானிலிருந்து அப்படிச் சில குதிரைகள் வந்தன. சிட்னிக்கு மேற்கே ஈஸ்டர்ன் கிரீக் அரசு குவாரண்டைன் நிலையத்தில் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட்ட சான்றிதழ் இருந்தது. சரியாக அடுத்த வாரம் ஜப்பானில் குதிரை ஃப்ளூ வெடித்துப் பந்தயங்கள் ரத்தாயின. தடுப்பூசியில் ஒரு சிக்கல் உண்டு. நோயின் வேகத்தைத் தணிக்கும், கிருமியை முழுக்கத் தடுக்காது. ஊசி போட்ட குதிரை இருமாமல், காய்ச்சலில்லாமல் நின்றுகொண்டே மூக்கு வழியாக வைரஸை விட்டுக்கொண்டிருக்கலாம். பார்க்க ஆரோக்கியம், உள்ளே நோய்.

ஆகஸ்ட் 24 அன்று சிட்னி நகருக்குள்ளேயே, சென்டினியல் பார்க் குதிரை லாயத்தில் இருந்த உள்ளூர்க் குதிரைகளுக்குக் குதிரை ஃப்ளூ என்று உறுதியானது. வெளிநாட்டுப் பக்கமே போகாத குதிரைகள். அதற்குள் காலம் கடந்திருந்தது. முந்தைய வாரக் கடைசியில் மெய்ட்லாண்ட் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குதிரையேற்றப் போட்டி நடந்திருந்தது. அங்கே வந்த குதிரைகள் வேனில் ஏறி நியூ சவுத் வேல்ஸ் முழுக்க, குயின்ஸ்லாந்து வரைக்கும், தங்கள் ஊர்களுக்குப் போய்விட்டன. மறுநாளே நாடு முழுக்கக் குதிரைகளை நகர்த்தத் தடை. குயின்ஸ்லாந்தின் வார்விக்கில் ஒரு போட்டிக்கு வந்திருந்தவர்கள் குதிரைகளோடு அங்கேயே வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். வார இறுதிக்கு என்று இரண்டு ஜோடித் துணியோடு கிளம்பி வந்தவர்கள். சிட்னியின் வசந்தகாலப் பந்தயத் திருவிழா நின்றுபோனது. பந்தயத்தை நம்பியிருந்த லாயக்காரர், லாடம் அடிப்பவர், வேன் ஓட்டுநர், தீவன வியாபாரி எல்லாருக்கும் பிழைப்பு போனது. குதிரை ஃப்ளூ வளர்ந்த குதிரையைச் சாதாரணமாகக் கொல்லாது என்பதுதான் ஒரே ஆறுதல். கடைசிக் கணக்கில் சுமார் 10,000 பண்ணைகளிலும் லாயங்களிலும் 70,000-க்கு மேற்பட்ட குதிரைகள்.

அதற்கு முன்னால் அந்த நாட்டில் குதிரை ஃப்ளூ வந்ததே இல்லை. ஐஸ்லாந்து, நியூசிலாந்து மாதிரி சில தீவுகளுக்கு மட்டுமே இருந்த பெருமை அது.

எப்படி வெளியே வந்தது? ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி இயன் கலினன் தலைமையில் விசாரணை அமைத்தார்கள். அங்கே ஹை கோர்ட் என்பதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம். 2008 ஏப்ரலில் அறிக்கை வந்தது. படிக்கப் படிக்க ஆச்சரியத்தைவிட அலுப்புதான் வரும், ஏனென்றால் நம் அரசு அலுவலகங்களில் தினமும் பார்க்கிற சமாச்சாரம். நிலையத்தைச் சுற்றி வேலி இருந்தது. குதிரை எதுவும் வேலி தாண்டவில்லை, பதினான்கு நாள் கணக்கிலும் பிசகு இல்லை. ஆனால் குதிரையைத் தொட்டவர்கள் இருந்தார்கள். தேய்த்துவிடும் ஆள், மருத்துவர், லாடக்காரர். அவர்கள் உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு, குளிக்காமல், உடை மாற்றாமல் வெளியே வந்து, அடுத்த லாயத்துக்கு அடுத்த வேலைக்குப் போக முடிந்தது. தடுக்கிற நடைமுறை அங்கே இல்லை. ஃப்ளூ வைரஸ் சட்டையில், கையில், மூக்குக் கயிற்றில் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த ஒரு குதிரையிடமிருந்து, நிலையத்தை விட்டுப் போன ஓர் ஆளோ ஒரு சாமானோதான் அதை வெளியே கொண்டுவந்திருக்க வேண்டும், பெரும்பாலும் அப்படித்தான் என்றார் கலினன். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. பணம் போதாமை, கண்காணிப்பு இல்லாமை என்று குவாரண்டைன் துறையின்மேல் கடுமையாகவே எழுதினார்.

எனக்கு இதில் உறுத்துவது இதுதான். 1918-ல் ஒரு ஜெனரலின் குதிரைக்கு மூன்று மாதம். 1956-ல் உலகத்தின் சிறந்த குதிரைகளுக்கு அனுமதியே இல்லை. விதி முழுக்கக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை நாள், எந்த நாடு, என்ன ஊசி. குதிரையோடு கூடவே போய் வருகிற மனிதனைப் பற்றி அதில் எழுதியிருந்தாலும், வாசலில் நின்று பார்க்க ஆள் இல்லை. குதிரை இறக்குமதி குறைவாக இருந்த காலத்தில் அந்த ஓட்டை தெரியவில்லை. வருஷத்துக்கு ஒரு குதிரை வந்தால் வாசல் தானாகவே பத்திரம். ஆகஸ்ட்டில் கூட்டம் கூட்டமாக வரும்போது தெரிந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், சுத்தம் செய்ததிலும் ஆஸ்திரேலியா ஒரு சாதனைதான் செய்தது. நகர்த்தத் தடை, மண்டலம் மண்டலமாகப் பிரித்தல், இறக்குமதி செய்த தடுப்பூசி என்று நான்கே மாதத்தில், 2007 டிசம்பரோடு, புதுத் தொற்று நின்றது. இவ்வளவு பரவிய குதிரை ஃப்ளூவை ஒரு நாடு முழுக்க ஒழித்தது பெரிய காரியம். பிறகு மெல்போர்னுக்கு வடக்கே மிக்கிள்ஹாமில் புதிய நிலையம் கட்டினார்கள். இப்போது வைரஸ் இருக்கிறதா என்று மூக்குச் சளியைச் சோதிக்கிறார்கள். குதிரையைத் தொட்ட ஆள் குளித்து உடை மாற்றாமல் வெளியே போக முடியாது. 1908 சட்டமும் போய், 2016 முதல் புதிய சட்டம் நடக்கிறது.

குதிரை என்று எழுதிய விதி வேறு விதமாகவும் ஏமாறும். 1987-ல் ஸ்பெயினில் ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோய் வந்தது. காரணம் நமீபியாவிலிருந்து மாட்ரிட் பக்கத்துச் சஃபாரி பூங்காவுக்கு வந்த வரிக்குதிரைகள். வரிக்குதிரைக்கு அந்த நோய் வந்ததே வெளியில் தெரியாது, வைரஸ் மட்டும் ரத்தத்தில் வாரக்கணக்கில் இருக்கும். 1990 வரை ஓயவில்லை, போர்ச்சுகலுக்கும் மொராக்கோவுக்கும் போனது. 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக் வேறு வரவிருந்தது. இன்னொரு 1956 ஆகியிருக்கும். ஐரோப்பியச் சமூகம் ஸ்பெயினை ஒரே துண்டாகப் பார்க்காமல் நோய் உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று பிரித்துப் பார்த்ததால் குதிரைப் போட்டிகள் பார்சிலோனாவிலேயே நடந்தன. 2020-ல் தாய்லாந்தில் அதே நோய் வந்து 500-க்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தபோதும் சந்தேகம் வரிக்குதிரை இறக்குமதிமேல்தான் விழுந்தது.

நாட்டைத் துண்டாகப் பார்க்கிற அந்த யோசனைதான் இன்றைக்கு வழக்கம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகளை நோய் பயத்தால் ஹாங்காங்குக்கு மாற்றினார்கள். 2010 குவாங்சூ ஆசிய விளையாட்டுக்கோ சீனா தன் மண்ணிலேயே, சோங்ஹுவா பகுதியில், குதிரை நோய் இல்லாத மண்டலம் ஒன்றை உண்டாக்கிவிட்டது.

நம் கதை இதில் கடைசி வரிசையில். இங்கே கிளாண்டர்ஸ் இன்னும் தலைகாட்டுகிறது. குதிரை ஃப்ளூ 1987-லும் 2008-லும் பெரிதாக வந்துபோனது. அதனால் இந்தியாவிலிருந்து குதிரையை நேரே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக வழியில்லை. 2023-ல் ஹாங்சூ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் அணிப் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கியதே, அந்த நான்கு இளைஞர்களும் வருஷக்கணக்கில் ஐரோப்பாவில் தங்கி, அங்கிருந்த குதிரைகளில் பழகியவர்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அது முடியும். நம்மூர் ராணுவ வீரனோ போலீஸ்காரனோ நன்றாக ஏறுகிறவனாக இருந்தாலும், அவன் பழகிய குதிரை எல்லை தாண்டாது.

2025 ஜூலையில் மீரட் ராணுவக் கன்டோன்மென்ட்டில், ரிமவுண்ட் கால்நடைப் படையின் மையத்தை, குதிரை நோய் இல்லாத தனி அடைப்பாக உலக விலங்கு நல அமைப்பு அங்கீகரித்தது. இந்தியாவில் இதுதான் முதல். இதை மண்டலம் என்று சொல்லாமல் அடைப்பு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மண்டலத்தை வரைபடத்தில் கோடு போட்டுப் பிரிப்பார்கள். அடைப்புக்கு அந்தக் கோடு போதாது. யார் உள்ளே வருகிறார், எந்தச் செருப்போடு வருகிறார், தீவனம் எங்கிருந்து வருகிறது, லாடக்காரரின் சுத்தியல் வெளியே போய் வந்ததா என்பதையெல்லாம் தினமும் எழுதி வைத்து, கேட்கும்போது காட்ட வேண்டும்.